ஒன்பதாம் தொட்டிக்கு ஒரு காரணம்

எங்கள் அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. காரணக்கா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த நான்கூட அப்படித்தான் கூப்பிட்டேன். அவள் என்னை அண்ணே என்பாள். பதினோரு வருஷம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து ஒரே மின்விசிறிக்குச் சண்டை போட்டவர்கள் நாங்கள். அந்த உரிமையில்தான் அவளைப் பற்றி எழுதுகிறேன். இல்லாததைச் சேர்த்துச் சொல்ல மாட்டேன். நடுவில் எரிச்சல் வந்தால் அடக்கிக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான்.

துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்க் கிடங்கில் கணக்குப் பிரிவு எங்களுடையது. இரண்டு மேசை, மூன்று அலமாரி, ஒரு தொலைபேசி. எந்தக் கப்பல் வந்தது, எவ்வளவு கச்சா எண்ணெய் இறக்கியது, எது வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது என்று பட்டியல் வைப்பது என் பாடு. கிடங்கில் பன்னிரண்டு தொட்டிகள். ஒவ்வொன்றும் ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம், சுற்றி வந்தால் கால் வலிக்கும். அவற்றில் எவ்வளவு இருக்கிறது என்று காலையில் வரும் அளவை முந்தைய அளவோடு ஒப்பிடுவது அவள் பாடு. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். அதுவும் பதினோரு மணிக்குள். கட்டம் காலியாக இருந்தால் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரும். அங்கே இருப்பவர்களுக்குத் தொட்டி எது, குழாய் எது என்று தெரியாது. கோபப்பட மட்டும் நன்றாகத் தெரியும்.

கச்சா எண்ணெய் வரத்து ஒரு நாள்போல் ஒரு நாள் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டிய பெரிய கப்பல் திங்கட்கிழமை வந்தால் போதும், போன வாரம் இறக்குமதி பாதியாகி, இந்த வாரம் இரண்டு மடங்காகிவிட்டதாகத் தாளில் தெரியும். சுத்திகரிப்பு ஆலை பழுது பார்க்க நின்றால் தொட்டிகள் நிறையும். ஆலை மறுபடி ஓடினால் மளமளவென்று குறையும். விலை விழுந்தால் வாங்கிப் போட்டவர்கள் விற்க மனசு வராமல் எண்ணெயைக் கப்பலிலேயே வைத்துக்கொண்டு கடலில் மாதக்கணக்காகக் காத்திருப்பார்கள். விலை ஏறிய மறுநாள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசரம் வந்துவிடும். இத்தனையும் சேர்ந்து ஒரு எண்ணை ஆட்டிவைக்கும்போது அதற்கு ஏன் என்று பத்து நிமிஷத்தில் எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆலையின் கணக்கு எங்களுக்கு வந்து சேரவே ஒன்றரை நாள் ஆகும். எங்கள் படிவமோ பதினோரு மணிக்குப் போயாக வேண்டும்.

அவள் எழுதிவிடுவாள். பேனாவை எடுத்தால் நிறுத்தாமல் எழுதுவாள். 'பராமரிப்பு முடிந்து ஆலை கூடுதலாக எடுத்ததால்', 'முந்தைய வாரம் தாமதமான கப்பல் சேர்ந்துகொண்டதால்'. படித்தால் நேரில் பார்த்து எழுதினதுபோல இருக்கும். ஒரு வாரம் இறக்குமதி சரிபாதியாக விழுந்தது. கடல் கொந்தளிப்பால் கப்பல்கள் தாமதம் என்று எழுதி அனுப்பினாள். உண்மையில் என் பட்டியலின் இரண்டாம் பக்கத்தை நான் சேர்க்க மறந்திருந்தேன். அந்த வாரம் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து நன்றி சொல்லிக் கடிதம் வந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்கு வெட்கப்படுகிறேன்.

இந்த வித்தை எங்கே கற்றுக்கொண்டாய் என்று ஒருநாள் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா போனப்ப எனக்குப் பன்னெண்டு வயசு, தம்பிக்கு நாலு. அப்பா படகு ஓட்டப் போயிடுவாரு. அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். தெரியாதுன்னு சொன்னா விடிய விடிய அழுவான். ஏதாவது ஒரு காரணம் சொன்னா, அதைக் கேட்டுட்டுத் தூங்கிடுவான். தினம் ஒண்ணு சொல்லுவேன் அண்ணே. எது சொன்னாலும் நம்புவான்."

அப்பா துறைமுகத்தில் மாலுமிகளைக் கப்பலுக்கு ஏற்றிப்போகும் படகோட்டி. அவரும் சீக்கிரமே போய்விட்டார். தம்பிக்குத் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு, பரீட்சைக் கட்டணம் கட்டியது எல்லாம் அவள்தான். கல்யாணம் ஆன வீட்டிலும் தம்பிக்கு ஒரு பாய் எப்போதும் சுருட்டி வைத்திருப்பாள். அவள் கணவர் குளிர்பெட்டி பழுது பார்ப்பவர், அதிகம் பேசாத மனிதர். மச்சான் வந்தால் தன் தலையணையைக் கொடுத்துவிட்டுச் சட்டையை மடித்து வைத்துத் தூங்குவார்.

தம்பி எண்ணெய்க் கப்பலில் சேர்ந்து பத்து வருஷம் ஓட்டினான். கடைசியாக அவன் இருந்த கப்பல், நான் மேலே சொன்னேனே, விலை விழுந்து கடலில் காத்திருக்கும் கப்பல்கள், அதில் ஒன்று. ஏழு மாதம் ஒரே இடத்தில் நங்கூரம். எதிரே கரை விளக்குகள் தெரியும், இறங்க முடியாது. இறங்கி வந்தபோது முப்பத்தைந்து வயது ஆளுக்குத் தலையில் பாதி நரைத்திருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பான். இனிமேல் கடல் வேண்டாம் அக்கா என்றான். அவள் மேலாளரிடம் நான்கு தடவை நடந்து, எங்கள் கிடங்கிலேயே அவனுக்குத் தொட்டி அளக்கும் அளவுக்காரன் வேலை வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, எங்கள் மின்விசிறியை நாள் முழுக்க என் பக்கமே திருப்பி வைத்திருந்தாள்.

அவன் சேர்ந்த வாரம்தான் விலை ஏறியது. வாரத்துக்கு மூன்று கப்பல் வந்துகொண்டிருந்த இடத்தில் ஒன்பது கப்பல் வரிசையில் நின்றன. கடலில் தேக்கி வைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் கரையில் கொட்டப் பார்த்தார்கள். எங்கள் தொட்டிகளோ ஏற்கெனவே கழுத்துவரை நிறைந்திருந்தன. இடம் எங்கே, இடம் எங்கே என்று கட்டுப்பாட்டு அறையில் பேயாய்ப் பறந்தார்கள். ஆள் பற்றாக்குறை வேறு. புதிதாக வந்தவனுக்கு முதல் நாளான வெள்ளிக்கிழமை காலணியும் தலைக்கவசமும் கொடுத்தார்கள், பாதுகாப்புப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். பத்து வருஷம் கப்பலில் அளந்தவனுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுப்பது என்று இரண்டாம் நாளான திங்கட்கிழமை தனியாகவே அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அவன் அளந்தது ஒரே ஒரு தொட்டி, ஒன்பதாம் எண். மற்றத் தொட்டிகளுக்கெல்லாம் தானாக அளவு காட்டும் கருவி உண்டு. ஒன்பதில் கருவி பழுது. கழற்றி எடுத்துப் போனபோது அபாய மணியையும் சேர்த்துக் கழற்றிவிட்டார்கள். அதனால் கையால் அளக்க வேண்டியிருந்தது. எஃகு நாடா, நுனியில் பித்தளைக் குண்டு. எங்கள் கரையில் குண்டை அடிவரை இறக்கி, நாடா எவ்வளவு உயரத்துக்கு நனைந்தது என்று பார்ப்பார்கள். அதுதான் எண்ணெயின் ஆழம். கப்பலில் அப்படி இல்லை. அங்கே மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை எவ்வளவு காலி என்று அளப்பார்கள். பத்து வருஷமாகக் காலியை அளந்த கை, அன்றைக்கும் காலியைத்தான் அளந்தது. படிவத்தில் 'அளவு' என்று ஒரே ஒரு கட்டம். அவன் மூன்று மீட்டர் முப்பது என்று எழுதினான். சனிக்கிழமை பழைய அளவுக்காரர் எழுதிய அளவு பதினான்கு மீட்டர் எழுபது. அவன் காலியை அளந்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

காலை பத்து மணிக்குத் தாள் அவள் மேசைக்கு வந்தது.

"அண்ணே, ஒம்போது பாருங்க. ஒரேயடியா பதினொரு மீட்டர் இறங்கியிருக்கு."

"ஆலைக்காரன் எடுத்திருப்பான். ரெண்டு நாள் லீவுல பார்த்து இழுத்திருப்பான்" என்றேன். அந்தத் திருவாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் நான்.

அளந்தது யார் என்று கையெழுத்தைப் பார்த்தாள். தம்பியின் கையெழுத்து. முதல் கையெழுத்து என்று என்னிடம் காட்டினாள், ஒரு தாய் குழந்தையின் முதல் பல்லைக் காட்டுவதுபோல. பிறகு கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: 'பராமரிப்புக்குப் பிறகு ஆலை முழு அளவில் இயங்கத் தொடங்கி, வார இறுதியில் ஒன்பதாம் தொட்டியிலிருந்து கூடுதலாக எடுத்ததால் இருப்புக் குறைவு.' பத்து ஐம்பதுக்கு அனுப்பிவிட்டாள்.

பன்னிரண்டு தொட்டியில் ஒன்று காலி என்றால் சும்மா விடுவார்களா? மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையிலேயே வரிசையில் முதலில் நின்ற கப்பலைக் கட்டிவிட்டார்கள். பன்னிரண்டே காலுக்கு ஒன்பதாம் தொட்டிக்குள் எண்ணெய் இறங்க ஆரம்பித்தது. அந்தக் கப்பலின் பெயரை என் கையால்தான் பட்டியலில் எழுதினேன்.

மதியம் இரண்டு மணிக்கு ஆலையின் கணக்கு வந்தது. அவள் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். ஒன்பதாம் தொட்டிக்கு நேரே ஆலைக்காரன் கோடு போட்டிருந்தான். வார இறுதியில் அங்கிருந்து ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை.

"வேற தொட்டி நம்பர் போட்டிருப்பாங்களோ" என்றாள். பார்த்தோம், இல்லை. "குழாய் மாத்தி விட்டிருப்பாங்களோ." அதுவும் இல்லை. மூன்றாவதாக ஒன்று சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை. பதினோரு வருஷத்தில் காரணம் கிடைக்காமல் அவள் திணறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பேனாவை எடுத்து ஓரத்தில் இரண்டு எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். பதினான்கு எழுபது. மூன்று முப்பது. கூட்டினாள். சரியாகப் பதினெட்டு. எங்கள் தொட்டி அடியிலிருந்து அளவு எடுக்கும் விளிம்பு வரை பதினெட்டு மீட்டர்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. 

"அண்ணே, அவன் காலிய எழுதியிருக்கான். தொட்டி நெறஞ்சு இருக்கு அண்ணே. அதுலதான் இப்ப ஊத்திக்கிட்டு இருக்காங்க."

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற ஓசைதான் வந்தது. மறுபடி போட்டேன், அதே ஓசை. தம்பிக்குப் போட முடியாது. தொட்டிப் பக்கம் போகிறவர்கள் கைப்பேசியை வாசலிலேயே பூட்டி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், ஒரு பொறி போதும் எல்லாம் எரிய. அவன் இன்றைக்கு எந்த இடத்தில் வேலை என்று கேட்டேன். அவள் எழுந்துவிட்டாள். தம்பிக்கு இன்றைக்கு ஒன்பதின் அடியில், குழாய் வால்வு பக்கத்தில் காவல். காலையில் அவளே என்னிடம் சொன்னதுதான்.

கட்டுப்பாட்டு அறை அடுத்த கட்டடம். அவள் செருப்பில்லாமல் ஓடினாள். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. மணிக்கு ஒரு மீட்டர் ஏறும், ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. எண்ணெய் வழிந்தால் தரையில் ஓடும், அதன் ஆவி வேலியைத் தாண்டும். வேலிக்கு வெளியே சாலை, சாலையில் வண்டிகள்.  பயந்தேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

பணிப்பொறுப்பாளர் நாற்பது வயது மனிதர், கையில் பொறி தெறிக்காத வாக்கிடாக்கி என்கிற பேசும் கருவி, எதிரே திரைகள். பதினோரு தொட்டிக்கு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்பதுக்கு நேரே 'பழுது' என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒரு தாளில் அவரே கணக்குப் போட்டு வைத்திருந்தார். மூன்று முப்பதில் ஆரம்பித்து இப்போது ஐந்தரை மீட்டர்.

"சார், கப்பல நிறுத்துங்க. ஒம்போதுல இடம் இல்ல" என்றாள்.

"என்ன மேடம் சொல்றீங்க. பதினெட்டுல அஞ்சரைதான் இருக்கு."

"அந்த மூணு முப்பது காலி இடம் சார். அளந்தவன் கப்பல்காரன். மேலேருந்து அளந்துட்டான்."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒழுங்கான மனிதர், அதுதான் வினை. பேசும் கருவியை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். அவன் கையிலும் ஒன்று உண்டு.

"ஒம்போதுல நேத்து நீ எடுத்த அளவு என்னப்பா?"

"மூணு முப்பது சார்." குரல் தெளிவாக வந்தது.

"நிச்சயமா?"

"நிச்சயம் சார். ரெண்டு தடவை எடுத்தேன்."

பொறுப்பாளர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? அதோட பாருங்க, நேத்து நீங்க அனுப்பின தாள்." மேசையிலிருந்து எடுத்து நீட்டினார். "ஆலை கூடுதலா எடுத்ததால குறைவுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதைப் பார்த்துட்டுத்தான் இந்தத் தொட்டியே எடுத்தேன். எழுதினதும் நீங்க, இப்ப இல்லேங்கறதும் நீங்க. காரணம் இல்லாம கப்பல நிறுத்த முடியாது மேடம். சரி, சந்தேகம்னு வந்துட்டா ஒரு தடவை பார்த்துடலாம்."

கருவியில் சொன்னார். "ஒம்போது மேல ஏறி மறுபடி ஒரு அளவு எடுப்பா."

"சரி சார்."

அவள் அவர் கையைப் பிடித்தாள். "அவன ஏத்தாதீங்க சார். நிறைஞ்ச தொட்டி சார் அது."

"அங்க இருக்கிறது அவன் ஒருத்தன்தான். வேற யாரை ஏத்துறது?"

தொட்டியைச் சுற்றி வளைந்து ஏறும் படிகள் தொண்ணூற்றுச் சொச்சம். ஏற மூன்று நிமிஷம் ஆகும். ஒரு நிமிஷம் ஏற்கெனவே போயிருந்தது. அவள் தாளைப் பார்த்தாள், தன் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், சத்தம் போடாமல், ஒப்புக்கொள்கிற குரலில்.

"சார், அந்தக் காரணம் நானா எழுதினது. ஆலை எடுத்துச்சான்னு யாருகிட்டயும் கேக்கல. ஏன் குறைஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. கட்டம் காலியா இருக்கக்கூடாதுன்னு எழுதினேன்."

"இது மட்டுமா, எல்லாமேவா?"

"பாதிக்கு மேல."

 அவர் எதிரே இருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். இன்னொரு கருவியை எடுத்துக் கப்பலுக்குச் சொன்னார். "வேகத்தைக் குறைங்க. நிறுத்துங்க. ஆமா, இப்பவே." பிறகு எங்களைப் பார்க்காமல் சொன்னார், "எட்டு நிமிஷம் ஆகும். சட்டுனு மூடினா குழாய் வெடிச்சிடும்."

தம்பியைத் திரும்பி வரச் சொன்னார். அவன் பதில் வந்தபோதே மேலே போய்விட்டான் என்று தெரிந்தது. காற்றின் இரைச்சல் கேட்டது.

"மேல வந்துட்டேன் சார். கூரை விளிம்புகிட்ட நிக்குது. ஒரு முழம்கூட இல்ல." எண்ணெய் மேலே மிதக்கும் கூரையைச் சொன்னான். நிரம்ப நிரம்ப அதுவும் ஏறும், அதன் கனமே அரை மீட்டருக்கு மேல்.

"போதும், அளக்க வேண்டாம். எறங்கி வா."

"முட்டை அழுகின நாத்தம் அடிக்குது சார்."

"எறங்கு. முகமூடி இருக்கா?"

"கீழ வச்சிட்டேன்." பிறகு கொஞ்சம் இடைவெளி. "இப்ப நாத்தம் இல்ல சார். பரவால்ல."

 எண்ணெய்க் கிடங்கில் வேலை செய்கிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் விஷயம் அது. கச்சா எண்ணெயிலிருந்து கிளம்பும் விஷவாயு நாற்றம் அடிக்கும்வரை உயிருக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. நாற்றம் நின்றால் காற்று நல்லதாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து ஆள் சாய்வான். பொறுப்பாளர் மீட்புப் படையை அழைக்கும் பொத்தானை அழுத்தினார். 

அவள் கருவியை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"தம்பி, அக்கா பேசறேன். கைப்பிடியப் பிடிச்சுக்க. படி எறங்கு."

"அக்கா? நீ எங்க..."

"ஏன்னு கேக்காத. எறங்கு. உக்காராத. ஒரு படி. இன்னொரு படி. எறங்கிக்கிட்டே இரு."

"எதுக்கு அக்கா..."

"காரணம் எதுவும் இல்ல. நான் சொல்றேன், எறங்கு."

காற்று இரைந்தது. இரும்பில் காலணி உரசும் சத்தம் கொஞ்சம் கேட்டது, பிறகு நின்றது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு படி, இன்னொரு படி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுபக்கம் பதில் வரவில்லை. எனக்கு அவளைப் பிடித்துக்கொள்ளலாமா, கூடாதா என்று தெரியவில்லை. பொறுப்பாளர் கப்பலிலிருந்து வந்த செய்தியைக் கேட்டுவிட்டு, "நின்னுடுச்சு" என்றார். அவள் காதில் அது விழவேயில்லை. கருவியை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு படிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டி, தொண்ணூற்றைத் தாண்டினாள். தரை வந்திருக்க வேண்டிய எண்ணுக்குப் பிறகும் எண்ணினாள்.

பதினான்கு நிமிஷம் கழித்து மீட்புப் படையின் தலைவர் குரல் வந்தது. மேலிருந்து இருபதாவது படிக்குக் கீழே, கைப்பிடிக் கம்பிக்குள் ஒரு கையை நுழைத்தபடி சுருண்டு கிடந்தான், மூச்சு இருக்கிறது என்றார்கள். நுழைத்த கைதான் அவன் உருண்டு விழாமல் காத்தது. தொட்டி வழியவில்லை. விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது என்று பிறகு அளந்தவர்கள் சொன்னார்கள்.

முதலுதவி அறையில் ஒரு கட்டில், ஒரு ஆக்சிஜன் உருளை, வெள்ளைத் திரை. எங்களை உள்ளே விட்டபோது மாலை ஐந்தாகியிருந்தது. அவன் முகமூடியோடு படுத்திருந்தான். உதடு நீலம் விட்டுக் கொஞ்சம் சிவப்புக்கு வந்திருந்தது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் காலில் ரத்தம் காய்ந்திருந்தது, வழியில் எதையோ மிதித்திருக்கிறாள், அவளுக்கே தெரியாது. கணவருக்குச் சொல்லிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறார் என்றேன். தலையாட்டினாள்.

தம்பி கையைத் தூக்கி முகமூடியை நகர்த்தினான்.

"அளவு தப்பா அக்கா?"

"அளவு சரிதான். மேலேருந்து எடுத்துட்டே. இங்க அடியிலேருந்து எடுப்பாங்க."

அவன் மெதுவாக யோசித்தான். யோசிக்க அவனுக்கு நேரம் பிடித்தது.

"மூணு மீட்டர் இடம் இருக்கே, கொஞ்சம் ஊத்தறாங்க போலன்னு நெனச்சேன்."

"ம்."

"ஆனா நான் சொன்னேனே அக்கா."

"யாருகிட்ட?"

"உன்கிட்டதான். நேத்து சாயங்காலம் சாப்பிடறப்ப. ஒம்போதாம் தொட்டி நெறஞ்சு கெடக்கு, அதுக்கு மேல எங்க ஊத்தப் போறாங்கன்னு கேட்டேன்."

 நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு நினைவு வந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் அவள் எந்தக் காரணம் எழுதும்போதும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"நீதான், சாப்பிடறப்ப வேலைப் பேச்சு வேண்டாம், நிம்மதியா சாப்பிடுன்னே" என்றான் தம்பி. குறை சொல்லவில்லை அவன், நினைவுபடுத்தினான், அவ்வளவுதான்.

அவள் முகமூடியை எடுத்து அவன் மூக்கின்மேல் திரும்ப வைக்கப் போனாள்.  இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை நான் பிடித்து வைத்தேன்.